நானார்?: பென்சிலோடு படிக்க வேண்டிய இருபது பத்திகள்

துறவிகளைப் பற்றிய புத்தகம் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது சித்து, அற்புதம், குகை, கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று போகும் வகை. விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலை பால் பாக்கெட் வாங்கப் போகும்போது அதிலிருந்து ஒன்றும் கையில் நிற்காது. அந்தத் துறவி உள்ளே என்ன செய்தாரோ அதை நம்மையும் செய்து பார்க்கச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. அந்தக் குறைவானவற்றில் மிகச் சிறியது, விலையும் அற்பமானது, தப்பும் தவறுமாகப் படிக்கப்படுவதில் முன்னணியில் நிற்பது, திருவண்ணாமலை ரமணாசிரமம் வெளியிடும் ‘நான் யார்?’. படிப்பு ஒரு வாழ்க்கையை மாற்றுமா என்று சோதிக்க இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. காரணம், புத்தகம் படிப்பதால் ஆவது கொஞ்சம்தான் என்று இந்தப் புத்தகமே பதினாறாவது பத்தியில் சொல்லிவிடுகிறது.

கேள்வி கேட்டவர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்த பட்டதாரி, தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸில் வருவாய்த் துறை உத்தியோகம். 1901–02 வாக்கில், அண்ணாமலையில் விரூபாக்ஷ குகையில் இருந்த 22 வயது இளைஞரிடம், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவரிடம், போய்க் கேட்டார். இளைஞர் அப்போது பேசுவதில்லை. மணலில் விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார், காகிதத் துண்டில் எழுதினார். மணலில் எழுதுகிறவர் நீட்டி முழக்க மாட்டார். பதில்கள் ஏன் இத்தனை கட்டையாக, ஒரு வரி இரண்டு வரியில் நின்றுவிடுகின்றன என்று குழம்புகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, இது இரண்டு உருவங்களில் கிடைக்கிறது என்பது. பிள்ளை 1923-இல் அச்சிட்டது கேள்வி பதிலாக. பின்னால் வந்த பதிப்புகளில் கேள்விகள் கூடின. இன்று பரவலாகப் புழங்குவதில் 28 கேள்விகள். மற்றொன்று கட்டுரை உருவம். 1920-களின் நடுவில் மகரிஷியே கேள்விகளை எடுத்துவிட்டு, பதில்களை வரிசை மாற்றி, முகப்பில் ஒரு பத்தி சேர்த்து, ஒரே ஓட்டமாக எழுதிக் கொடுத்தது. இதை ‘நானார்?’ என்று குறிப்பது வழக்கம். அவருடைய நூல்களின் தொகுப்பான நூற்றிரட்டின் உரைநடைப் பகுதியில் இருப்பது இதுதான். முகப்புப் பத்தி இரண்டு உருவத்திலும் வரக்கூடும் என்பதால் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். எண் போட்ட கேள்விகள் வந்தால் கேள்வி பதில். பத்தி பத்தியாக ஓடினால் கட்டுரை.

கட்டுரையைத்தான் முதலில் வாங்க வேண்டும். கேள்வி பதிலில் படிக்கிறவர் தனக்குப் பிடித்த கேள்விக்குத் தாவிவிடுகிறார். முக்தி என்றால் என்ன, குரு வேண்டுமா, உலகம் பொய்யா என்று ருசிக்கு ருசி. கட்டுரையில் அந்தச் சலுகை கிடையாது. ‘எல்லா உயிருக்கும் சுகம் வேண்டும்; எல்லோருக்கும் தன்மேல்தான் உச்சமான பிரியம்; மனம் இல்லாத தூக்கத்தில் அந்தச் சுகம் தினமும் கிடைக்கிறது; அப்படியானால் தன்னை அறிவதுதான் வழி’ என்று முதல் வாக்கியத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கின் அடுத்த அடுத்த வரியாகத்தான் மீதி எல்லாம் வருகிறது. தூக்கத்தை ஆதாரமாக வைத்தது கெட்டிக்காரத்தனம். சாஸ்திரம் தெரியாதவருக்கும், கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் நேற்று ராத்திரி தூங்கிய அனுபவம் உண்டே.

மொத்தம் இருபது பத்திகள். ஒரே மூச்சில் படித்தால் அரைமணியில் முடிந்துவிடும், அதுதான் இதன் முதல் ஆபத்து. அரைமணியில் முடித்தவர்கள் ‘படிச்சாச்சு, நல்லாயிருக்கு’ என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பத்திகளுக்கு எண் அச்சாகியிருக்காவிட்டால் பென்சிலால் 1 முதல் 20 வரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் நிறுத்தாமல் ஒருமுறை. மறுநாளிலிருந்து நாளுக்கு ஒரு பத்தி, வாய்விட்டு இரண்டு தடவை. வாய்விட்டு என்பது பக்திக்காகச் சொன்னதில்லை. பழைய அச்சு முறையில் சொற்கள் புணர்ந்து ஒட்டிக் கிடக்கும்: ‘அவற்றைப் பூர்த்தி பண்ணுவதற்கு எத்தனியாமல் அவை யாருக் குண்டாயின’ என்பது போல. கண் தடுக்கி விழும் இடத்தில் வாய் தானாகப் பிரித்துக்கொள்ளும்.

இரண்டாவது பத்தியை முதல் சுற்றில் தாண்டிவிடுவது நல்லது. ‘சப்த தாதுக்களால் ஆன ஸ்தூல உடம்பு நானல்ல, ஞானேந்திரியம் ஐந்தும் நானல்ல, கர்மேந்திரியம் ஐந்தும் நானல்ல, பிராணன் ஐந்தும் நானல்ல’ என்று ஒரு பட்டியல் வரும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். இதைத் தியான முறை என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, காது நானல்ல, மூக்கு நானல்ல என்று ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பிக்கிறார்கள். மணலில் எழுதிய பதிலில் இத்தனை நீளம் கிடையாது. சாஸ்திரம் படித்த பிள்ளை தன் தெளிவுக்காக விரித்துக்கொண்டது. கழிக்கிறவனைக் கழிக்காமல் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் எண்ணிக்கைதான் மிஞ்சும். பதினேழாவது பத்தியே இதற்குப் பதில் சொல்கிறது: கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை யாராவது கிளறி ஆராய்வார்களா?

அடுத்த தடை சொற்கள். சமஸ்கிருதம் அதிகம் என்று சொல்லிப் பலர் பின்வாங்குகிறார்கள். உண்மையில் புரியாத சொல் அவ்வளவு தொந்தரவு தராது, அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். புரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் காலை வாருகிறது. ‘நினைவு’ என்றால் இன்று நமக்கு ஞாபகம், பழைய சம்பவம். இந்த நூலில் நினைவு என்றால் எழுகிற எந்த எண்ணமும். எதிர்காலக் கவலைகூட நினைவுதான். ‘வாசனை’ மூக்குக்கு வருவதல்ல. பெருங்காய டப்பாவைக் கழுவிய பிறகும் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி மனத்தில் படிந்த பழக்கத்தின் மிச்சம். ‘விசாரணை’ என்றதும் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வரும், குறுக்குக் கேள்வி கேட்டு ஒரு வாக்குமூலம் வாங்கப் பார்ப்போம். இங்கே அது கவனத்தைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். ‘வைராக்கியம்’ பிடிவாதம் இல்லை. தன்னைத் தவிர வேறொன்றை நாடாதிருத்தல் என்று பதினோராம் பத்தியில் நூலே விளக்கம் தருகிறது. இந்த நான்கையும் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் பாதி முள் விலகிவிடும்.

இனி ஆறாம் பத்தி. மற்ற பத்தொன்பதும் இதற்கு முன்னுரையும் பின்னுரையும் என்று சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் இருப்பார்கள், ஆனாலும் வேலை நடக்கிற இடம் இதுதான். செய்முறை இதில் இருக்கிறது: எண்ணம் எழுந்தால் அதை முடித்து வைக்க முயலாதே; இது யாருக்கு எழுந்தது என்று கேள்; எனக்கு என்று தோன்றும்; அந்த நான் யார் என்று பார்; மனம் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிடும், எழுந்த எண்ணமும் அடங்கும்.

இதை அன்றாடத்தில் வைத்துப் பார்க்கலாம். இரவு பத்து மணி. மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்: ‘நாளைக்குக் காலையில கொஞ்சம் பேசணும்.’ அவ்வளவுதான் செய்தி. ஐந்து வினாடிக்குள் மனம் போன மாதம் செய்த தப்பு, பக்கத்து சீட்டுக்காரன் போட்டுக் கொடுத்திருப்பான், வேலை போனால் வீட்டுக் கடன் தவணை, ஊருக்குப் போய் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான்கு கட்டம் தாண்டிவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் முடிக்கத்தான் அடுத்த கட்டம் எழுகிறது. ‘பூர்த்தி பண்ணுவதற்கு எத்தனியாமல்’ என்று நூல் சொல்வது இந்த இடத்தைத்தான். தவணை என்ற எண்ணம் வந்ததும், ‘தவணையை எப்படிக் கட்டுவது’ என்று போகாமல், ‘இந்தப் பயம் யாருக்கு?’ என்று ஒரு திருப்பு. ‘எனக்கு’ என்று பதில் சொற்களாக வர வேண்டியதே இல்லை. ‘நான்’ என்கிற உணர்வின் பக்கம் கவனம் சட்டென்று சாய்வது தெரியும். அங்கே ஒரு கணம் நிற்பது. அவ்வளவே. இரண்டு வினாடி வேலை. மூன்றாவது வினாடி அடுத்த எண்ணம் வரும், மறுபடி திருப்பு. நடுவில் ‘சரி சார்’ என்று பதில் அனுப்பிவிடலாம். பதில் அனுப்புவதை நூல் தடுக்கவில்லை.

முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் வருகிற புகார், எண்ணங்கள் முன்பைவிட அதிகமாகிவிட்டன என்பது. அதிகமாகவில்லை, இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறீர்கள். பதினோராம் பத்தியில் இதற்கு ஒரு கோட்டை வருகிறது. எதிரிகள் கோட்டைக்குள் இருக்கும்வரை வெளியே வந்துகொண்டேதான் இருப்பார்கள். வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசமாகும். உள்ளே எத்தனை பேர் என்று முதலிலேயே கணக்குக் கேட்டால் யாரும் கோட்டையை முற்றுகையிட மாட்டார்கள்.

எங்கே கெட்டுப்போகிறது என்று பார்த்தால், முதல் இடம் ஜபம். ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருப்பது. நூல் அப்படிச் சொல்லவில்லை. கேள்வி, கதவைத் தட்டுவதற்கு. தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே போவது எப்போது? ஒரு சின்ன விலக்கு மட்டும் உண்டு: ‘நான், நான்’ என்று கருதிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று ஐந்தாம் பத்தியில் ஒரு வரி வருகிறது. கவனத்தைத் திருப்பச் சுத்தமாக வரவில்லை என்பவர்களுக்கு அது கைப்பிடி.

அடுத்தது பதில் தேடுவது. ‘நான் ஆத்மா’, ‘நான் பிரம்மம்’ என்று படித்ததை எடுத்து ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். அது ஒரு எண்ணம். அதுவும் யாருக்கு என்று கேட்க வேண்டிய வரிசையில்தான் நிற்கிறது. கடைசியில் இந்தக் கேள்விக்கே அந்தக் கதிதான். சுடுகாட்டில் சிதையைக் கிளறிவிடும் தடி, பிணம் எரிந்தபின் தானும் எரிவது போல, ‘நானார்’ என்ற நினைவும் மற்ற நினைவுகளை அழித்துத் தானும் அழியும் என்று அதே ஆறாம் பத்தியில் இருக்கிறது. பதில் கிடைத்துவிட்டதாக நோட்டில் எழுதி வைக்க முடிந்தால், தடி இன்னும் எரியவில்லை.

மார்பில் வலப் பக்கம் உற்றுப் பார்த்து நெஞ்சு இறுக்கம் வரவழைத்துக்கொள்பவர்கள் தனி ரகம். ‘நான்’ என்ற நினைவு உடம்பில் முதலில் எங்கே தோன்றுகிறது என்று பார்த்தால் இருதயத்தில் என்று தெரியவரும், இதுதான் இங்கே உள்ளது. வலப் பக்கம் என்பது மகரிஷியின் வேறு நூல்களில் வருவது. இந்தக் கட்டுரையில் விரல் அளவு எதுவும் கிடையாது. உடம்பின் ஓரிடத்தைப் பார்த்தால் அது உடம்பைப் பார்ப்பதே. தலைவலி, புருவ மத்தியில் அழுத்தம், மார்பில் பாரம் எது வந்தாலும் காரணம் ஒன்றுதான்: கவனத்தைத் தளர்வாகத் திருப்பாமல் தசையால் தள்ளுகிறீர்கள். நிறுத்தி, கண்ணைத் திறந்து, கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

தூக்கம் இன்னொரு பெரிய பள்ளம். சுகமாக அடங்கியது என்று நினைத்திருப்பார்கள், பார்த்தால் தலை தொங்கியிருக்கும். மனம் லயமாவது வேறு, நாசமாவது வேறு. லயமானது மறுபடி எழும் என்று மகரிஷி 1927-இல் எழுதிய முப்பது பாட்டு நூலான உபதேச உந்தியாரில் பதின்மூன்றாவது பாட்டு தெளிவாகப் பிரிக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காராதீர்கள். விடியற்காலையில், வயிறு லேசாக இருக்கும்போது, பதினைந்து இருபது நிமிஷம் போதும். நேர அட்டவணை எதையும் நூல் தரவில்லை, இது அனுபவஸ்தர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. மீதி நாள் முழுக்க, கோபமோ பயமோ எழும்போது அந்த இரண்டு வினாடித் திருப்பு. உட்காரும் இருபது நிமிஷத்தைவிட இதுதான் அதிகம் வேலை செய்கிறது.

மூச்சுப் பயிற்சிக்காரர்களை எட்டாவது பத்தி கொஞ்சம் ஏமாற்றும். பிராணாயாமம் மனத்தை அடக்க உதவும், அழிக்காது என்று அது முடித்துவிடுகிறது. மூச்சு அடங்கியிருக்கும்வரை மனமும் அடங்கியிருக்கும். மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டுத் தன் பழைய வாசனைப்படி ஊர் சுற்றும். ஒன்பதாவதில் மூர்த்தி தியானத்துக்கும் மந்திர ஜபத்துக்கும் அதே இடம். சும்மா இராமல் ஆடிக்கொண்டேயிருக்கும் யானைத் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் அது வேறெதையும் பிடிக்காமல் அதையே பிடித்துக்கொண்டு போகும். தெருவில் யானை போகும்போது கடைக்குக் கடை துதிக்கை நீள்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். நியமங்களிலெல்லாம் மேலானதாக நூல் சொல்வது ஒன்றே: மிதமான, சாத்விகமான சாப்பாடு. ‘மித’ என்ற சொல்லைப் பலர் விட்டுவிட்டு, சாத்விகம் என்ற பேரில் நெய்ப் பொங்கலை இரண்டாம் தடவை வாங்குகிறார்கள்.

வேலையை விட வேண்டுமா, வீட்டை விட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கட்டுரையில் அப்படி ஒரு வரி கிடையாது. துறவியின் எழுத்துதான், ஆனால் காவி கட்டச் சொல்லவில்லை. வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டு வந்த குடும்பஸ்தர்களை மகரிஷி பொதுவாகத் திருப்பித்தான் அனுப்பினார்; காட்டுக்குப் போனாலும் மனமும் கூட வரும் என்பது அவர் சொன்ன காரணம். உலகம் கனவு என்று பதினெட்டாம் பத்தி பேசுவதை வைத்துக்கொண்டு, ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால் ‘எல்லாம் மாயை’ என்று சோபாவில் சாய்கிறவர்களுக்குப் பத்தொன்பதாம் பத்தி இருக்கிறது. அது நேரான நடத்தைப் பாடம். பிறர் எவ்வளவு கெட்டவராகத் தோன்றினாலும் வெறுக்காதே. விருப்பு வெறுப்பு இரண்டும் வெறுக்கத் தக்கவை. முடிந்தவரை பிறர் காரியத்தில் நுழையாதே. பிறருக்குக் கொடுப்பதெல்லாம் தனக்கே கொடுத்துக்கொள்வது. இந்தப் புத்தகம் யாரையாவது மாற்றியிருக்கிறதா என்று பார்க்க அவருடைய தியான அனுபவத்தை விசாரிக்க வேண்டாம். அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பஞ்சாயத்தில் தலையிடுகிறார் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல நாளாகத் தூக்கமில்லை, தன் உடம்பே தன்னுடையது போலத் தெரியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்ற நிலையில் இருப்பவர்கள் இந்தப் புத்தகத்தை மருந்தாக எடுக்கக் கூடாது. ‘நான் இல்லை’ என்ற பேச்சு அந்த நிலையில் வேறு மாதிரி இறங்கும். முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிக்க ஆரம்பித்த பிறகு இப்படி வந்தாலும் அதேதான்: பயிற்சியை நிறுத்துங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், மனிதர்களோடு இருங்கள், டாக்டரிடம் போங்கள்.

படித்ததால் நிஜமாகவே வாழ்க்கை திரும்பியவர்கள் இல்லாமல் இல்லை. இந்த ஆசிரமத்தின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வேங்கடராமன் (மகரிஷியின் இளமைப் பெயர்) கையில் கிடைத்த பெரிய புராணம், 63 நாயன்மார்களைப் பற்றிய புத்தகம், அந்தப் பையனை உலுக்கியது. 1896 ஜூலையில் மரண பயம் வந்து உள்ளே திரும்பிய பிறகு மீனாட்சி கோயிலில் அந்த அறுபத்து மூவர் சிலைகள் முன் போய் நின்று அழுதிருக்கிறான். அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை. பிற்பாடு இங்கிலாந்தின் மேஜர் சாட்விக், பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட பயண நூலைப் படித்துவிட்டு 1935-இல் வந்து சேர்ந்தவர், 1962-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்துவிட்டார். இவை விதிவிலக்குகள். வாங்குகிறவர் இதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளச் சிவப்பிரகாசம் பிள்ளைதான் பொருத்தம். பதில்களை நேரிலேயே கேட்டு வாங்கிய மனிதர், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் குடும்பக் கவலையிலும் ஊசலாட்டத்திலும் இருந்தார். அவர் மகரிஷிமேல் எழுதிய பாட்டுகளில் தன்னையே நொந்துகொள்ளும் இடங்கள் ஏராளம். 1948-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது, சிவப்பிரகாசம் சிவப்பிரகாசம் ஆனார் என்று மகரிஷி சொன்னதாக ஆசிரமத்தில் சொல்வார்கள். முதல் கேள்விக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே 46 வருஷத்துக்கு மேல்.

பக்தி நாட்டம் உள்ளவர்களுக்கு ஆறாம் பத்தி வறட்சியாகப் படலாம். அவர்கள் பதின்மூன்றிலிருந்து தொடங்கலாம். ரயில் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டு போகிறது என்று தெரிந்தும், அதில் ஏறியவன் தன் சின்ன மூட்டையைக் கீழே வைக்காமல் தலையில் சுமந்துகொண்டு ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அங்கே ஒரு கேள்வி வரும். மதுரையிலிருந்து கிளம்பிய பையன் திண்டிவனத்துக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்து டிக்கெட் எடுத்து ரயிலேறியவன் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் அதன் ருசி தனி.

குறைகள் இல்லாமல் இல்லை. நூலில் முன்னும் பின்னும் விளக்கமே கிடையாது. பஞ்ச கோசம், விஷய வாசனை, சமஷ்டி எல்லாம் வாசகருக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டு நகர்கிறது. மூன்றாவது பத்தியின் கயிறு-பாம்பு உவமை (பாம்பு என்ற எண்ணம் போனால்தான் கயிறு தெரியும் என்பது) வேதாந்தம் கேட்டுப் பழகாதவருக்கு வெறும் பிடிவாதமாகத் தோன்றும்: உலகம் தோன்றும்வரை சொரூபம், அதாவது தன் உண்மை நிலை, தோன்றாது என்றால், எதிரே இருக்கும் சுவரை என்ன செய்வது? இதற்கு நூல் உடனே சமாதானம் சொல்வதில்லை, பதினெட்டாம் பத்திவரை காத்திருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தைகூட இல்லை. சாவு வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்தகம் இது இல்லை. அதற்குத் தாயுமானவர் பாட்டு இருக்கிறது. பட்டினத்தாரையும் சேர்த்து நீட்டலாம், ஆனால் உடம்பைப் பற்றி அவர் பேசுவது எல்லோருக்கும் ஜீரணமாகாது. திருமந்திரத்தின் யோகப் பகுதியைத் தனியாக வைத்துக்கொண்டு மூச்சைக் கட்டிப் பார்ப்பதோடு ஒப்பிட்டால், இதில் உடம்புக்கு வரும் அபாயம் மிகக் குறைவு. அடுத்ததாக ஏதாவது படித்தே ஆக வேண்டும் என்றால் மேலே சொன்ன உந்தியார் முப்பது பாட்டு, பிறகு கைவல்ய நவநீதம் என்ற வேதாந்த நூலின் சந்தேகம் தெளிதல் படலம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். தன்னைத் தேட வேண்டியது ஐந்து கோசங்களுக்கு (தன்னை மூடிய உறைகளுக்கு) உள்ளே, புத்தகங்கள் இருப்பதோ வெளியே. படித்ததெல்லாம் ஒருநாள் மறக்க வேண்டியது என்கிற பதினாறாம் பத்திக்குப் பிறகு அலமாரியை நிரப்புவது அந்த ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆசிரமப் புத்தகசாலை செங்கம் சாலையில் ஆசிரம வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. கிரிவலத்துக்குப் போகிறவர்கள் வழியில் நுழைந்து வாங்கலாம், பௌர்ணமியன்று மட்டும் கூட்டத்தில் நுழைவது கஷ்டம். ஆசிரமத்தின் இணையதளத்தில் மகரிஷி நூல்களை இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் போனில் படித்தால் ஓரத்தில் பென்சிலால் எண் போட முடியாது, ஆறாம் பத்தியின் நடுவில் நோட்டிஃபிகேஷன் வேறு வரும். முதல் சுற்றுக்கு அச்சுப் பிரதியே வாங்குங்கள். வருகிற நோட்டிஃபிகேஷன் யாருக்கு என்று கேட்கப் பழகிய பிறகு போனிலும் படித்துக்கொள்ளலாம்.